மண் பிசைந்த கையும் எழுத்தும்

சுவாமி சகஜானந்தர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் பள்ளிக்கூடம் தொடங்கியவரின் நினைவாக இங்கே கூடியிருக்கிறோம். நந்தன் நெருப்பில் இறங்கியதைப் பக்திக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்த ஊரிலேயே, அந்தப் பெயரைப் பள்ளிக்கூடத்தின் நெற்றியில் எழுதி வைத்தார் சகஜானந்தர். அவருடைய சட்டமன்றப் பணி பற்றியும் ஆன்மிகம் பற்றியும் பேசத் தகுதியானவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். நாங்கள் பேச வந்தது சின்ன விஷயம். கடலூர் மாவட்டத்தில் ஒரு காலனியில் சில ஆண்டுகளாக நாங்கள் நடத்திவரும் மாலைப் படிப்பகத்தில், படிப்பு வராது என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளோடு மண்ணும் அட்டையும் பசையும் வைத்துச் செய்த வேலைகளைப் பற்றியது. அதில் சரியாக வந்ததும் உண்டு. நாங்கள் சறுக்கி விழுந்ததும் உண்டு. விழுந்ததைத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

'நாங்கள்' என்றால் ஐந்து பேர். இருவர் கல்லூரி மாணவர்கள், ஒருவர் தையல் தெரிந்த அக்கா, ஒருவர் பெயின்டர், மிச்சம் ஒருவர் சமூகவியல் படித்துவிட்டுக் கூட்டங்களில் பேசித் திரிகிறவர். பயிற்சி பெற்ற ஆசிரியர் எங்களில் யாருமில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, குறையாகவே சொல்கிறோம்.

முதலில் பிள்ளைகளைப் பற்றி. அரசு ஆவணங்களில் 'மெல்லக் கற்கும் மாணவர்' என்றொரு சொல் இருக்கிறது. ஆசிரியர் அறையில் 'ஸ்லோ லேர்னர்' என்பார்கள். வகுப்பறையில் அதுவே 'மக்கு' ஆகும், ஊர்க்காரர் வாயில் 'அதுங்களுக்கு எங்க படிப்பு வரும்' என்று ஆகும். நான்கு சொற்களும் ஒரே பையனைத்தான் சொல்கின்றன. எங்கள் படிப்பகத்துக்கு வந்த ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது அவன் நான்காம் வகுப்பு. 2021 நவம்பரில் தொடக்கப் பள்ளிகளும் நடுநிலைப் பள்ளிகளும் மறுபடி திறந்தபோது ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தான். இடையில் வீட்டில் ஒரே ஒரு போன், அதுவும் அப்பாவோடு கரும்பு வெட்டப் போய்விடும். 2022-இல் அரசு 'எண்ணும் எழுத்தும்' கொண்டு வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் நல்ல திட்டம். முதலில் மூன்றாம் வகுப்பு வரை, பிறகு ஐந்து வரை. இவன் அப்போது ஏழு. அரும்பும் இல்லை, மொட்டும் இல்லை. எட்டாம் வகுப்பில் எங்களிடம் வந்தபோது அவனுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும், பேருந்தின் நிறத்தைப் பார்த்து எந்த ஊர்ப் பேருந்து என்று சொல்லத் தெரியும். பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரியாது.

எங்களிடம் வந்தும் ஆறு மாதம் பழைய பாடத்தைத்தான் நடத்தினோம். அ, ஆ எழுது, பத்து முறை எழுது. பள்ளிக்கூடத்தில் பகலில் தோற்ற அதே ஆட்டத்தில் மாலையிலும் தோற்க அவன் எதற்கு வருவான்? வராமல் போனான்.

பிறகு ஒரு கோடை விடுமுறையில், வேறு வழி தெரியாமல், ஊரையே செய்து பார்க்கலாம் என்றார் எங்கள் பெயின்டர் தோழர். பிரிட்ஜ் வரும் பெரிய அட்டைப்பெட்டிகள் இரண்டைப் பிரித்து ஒட்டினோம். ஏரியில் களிமண் எடுத்தோம். வீட்டுக்குத் தீப்பெட்டி, மேல்நிலைத் தொட்டிக்குப் பிளாஸ்டிக் டம்ளர், பனைக்குத் துடைப்பக்குச்சி. வேலை தொடங்கிய அன்றே சண்டை வந்தது. காலனிக்கும் ரேஷன் கடைக்கும் இடையில் எவ்வளவு இடம் விடுவது? ஒருத்தி ஒரு சாண் என்றாள், இன்னொருவன் நான்கு சாண் என்றான். 'அளந்து பாத்துடலாம்ணா' என்று அவர்களே சொன்னார்கள். பத்து மீட்டர் கயிறு ஒன்றை வெட்டிக்கொண்டு பதினோரு பிள்ளைகள் வெயிலில் கிளம்பிப் போனார்கள். கயிறு நாற்பத்தெட்டு முறை விழுந்தது. 480 மீட்டர். அட்டையின் நீளம் 120 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை மீட்டர் வைத்தால் ஊர் முழுக்க அட்டைக்குள் அடங்கும்? ஒன்று வைத்தால் காலனியே அடங்காது. பத்து வைத்தால் வீடு தீப்பெட்டியைவிடச் சின்னதாகிவிடும். ஐந்து என்று முடிவானது. அப்படியானால் ரேஷன் கடை 96 சென்டிமீட்டரில். விகிதம் என்ற சொல்லை நாங்கள் அதற்குப் பிறகுதான் சொன்னோம்.

அந்த எட்டாம் வகுப்புப் பையன் இரண்டாம் நாள் எட்டிப் பார்த்தான், மூன்றாம் நாள் உள்ளே வந்தான். மண் வேலையில் அவன் கை நன்றாக வரும் என்று நாங்கள் நினைத்தோம், வரவில்லை. சுமாராகத்தான் செய்தான். ஆனால் ஊரின் எந்தச் சந்து எங்கே திரும்பும், எந்த வாய்க்கால் எங்கே அடைபடும் என்பதெல்லாம் அவன் தலைக்குள் இருந்தது. எல்லாரும் அவனைக் கேட்டுத்தான் வைக்க வேண்டியிருந்தது. பள்ளி வாழ்க்கையில் முதல் தடவையாக அவனிடம் மற்றவர்கள் பதில் கேட்டார்கள்.

பெயர்ச்சீட்டு எழுதும் கட்டம் வந்தது. ஒவ்வொரு இடத்துக்கும் குச்சியில் ஒட்டிய சிறு சீட்டு. எழுதத் தெரிந்த பிள்ளைகள் மடமடவென்று எழுதிவிட்டார்கள். அவன் ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தான். அரை மணி நேரம் கழித்து எங்கள் அக்காவிடம் வந்து, "சுடுகாட்டுல 'க்' வருமாக்கா?" என்று கேட்டான். அவன் கையில் 'சுடுக்காடு' இருந்தது. சொல்லிப் பார்க்கச் சொன்னார் அக்கா. சொன்னான், யோசித்தான், ஒரு புள்ளியெழுத்தை அடித்துவிட்டு நட்டான். அவன் தானாக விரும்பி எழுதிய முதல் சொல் அது.

நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குப் பாடம் சொன்ன சில்வியா ஆஷ்டன்-வார்னர் என்ற ஆசிரியை, ஒவ்வொரு குழந்தையிடமும் உனக்கு என்ன சொல் வேண்டும் என்று கேட்டு அதை அட்டையில் எழுதிக் கொடுப்பாராம். அச்சமும் பாசமும் நிறைந்த சொற்களைக் குழந்தைகள் ஒரே பார்வையில் கற்றுக்கொண்டார்கள், பாடப்புத்தகச் சொற்கள் மாதக்கணக்கில் ஏறவில்லை என்று தன் 'டீச்சர்' நூலில் எழுதியிருக்கிறார். 1963-இல் வந்த நூல். எங்களுக்கு அது பின்னால்தான் தெரிந்தது. எங்கள் பிள்ளைகள் கேட்ட சொற்களின் அட்டைகள் இப்போது ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கின்றன: முனி, போலீஸ், அத்தை, லோன், பிரியாணி, ஆம்புலன்ஸ். 'அணில்' யாரும் கேட்கவில்லை.

இத்தோடு நிறுத்தினால் இது நல்ல கதை. அடுத்து நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஊர் மாதிரி நன்றாக வந்த மிதப்பில் அடுத்து பறை செய்யலாம் என்று தீர்மானித்தோம். எங்களுக்குள் பெரிய உற்சாகம். பறை நம் விடுதலையின் இசை என்று மேடைதோறும் பேசுகிறோமே, அதைக் கணக்குப் பாடமாகவும் ஆக்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! உண்மையிலேயே அதில் கணக்கு இருக்கிறது. 35 சென்டிமீட்டர் விட்டமுள்ள பறைக்குச் சுற்றளவு 110 சென்டிமீட்டர். ஏழால் வகுபடும் எண் என்பதால் இருபத்திரண்டின் கீழ் ஏழு அழகாக வந்து உட்காரும். சட்டம் மூன்று மரத்துண்டுகளால் ஆனது, எனவே ஒவ்வொரு துண்டின் வெளி வளைவும் முப்பத்தாறே முக்கால் சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தோலை விளிம்புக்கு மேல் மடித்து ஒட்ட எவ்வளவு கூடுதலாக வெட்ட வேண்டும், புளியங்கொட்டைப் பசை ஏன் பிடிக்கிறது, தீயில் காட்டினால் தோல் ஏன் இறுகி ஒலி ஏறுகிறது, இப்படிக் கணக்கிலிருந்து அறிவியலுக்கும் போகலாம். தாளில் திட்டம் அருமையாக இருந்தது.

முதல் நாள் மாலையே ஒரு அப்பா வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"தம்பி, எங்கப்பன் அடிச்சான். நான் பாஞ்சு வயசு வரைக்கும் அடிச்சேன். சாவுக்குப் போயி அடிச்சிட்டு, குடிச்சிட்டு, எச்சச் சோறு வாங்கினு வந்தேன். இத உடணும்னுதான் இவனப் படிக்க அனுப்பிச்சேன். நீங்க படிச்ச புள்ளைங்க, திரும்ப இவன் கையில குச்சியக் குடுக்கறீங்களே."

பையனைக் கையோடு கூட்டிப் போனார். நான்கு மாதம் அவன் வரவில்லை.

அன்று இரவு நாங்கள் நெடுநேரம் பேசினோம். எங்களில் ஒருவர், பறையின் இழிவு பறையில் இல்லை, சாதியில் இருக்கிறது என்று அவருக்குப் புரியவைக்க வேண்டும் என்றார். அது சரியான வாதம்தான். ஆனால் யார் யாருக்குப் புரியவைப்பது? அந்த மனிதர் தன் உடம்பால் தெரிந்துகொண்டதை நாங்கள் புத்தகத்தால் திருத்தப் போகிறோமா? பறையை மேடையில் ஏற்றிக் கொண்டாட எங்களுக்கு உரிமை உண்டென்றால், அதைக் கீழே வைத்துவிட்டு நடந்துபோக அவருக்கும் உரிமை உண்டு. இது எங்களுக்கு அன்றைக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

அவர் அச்சத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது, அதை மாணவ நண்பர்கள் மறந்துவிடக் கூடாது. 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலை மையமாக வைத்துப் பாடம் சொல்ல வேண்டும் என்றது. கல்வியியல் நோக்கில் அதில் உண்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்தியாவில் கைத்தொழில் என்பது வெறும் கைத்தொழில் அல்ல. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சாதி, ஒவ்வொரு சாதிக்கும் ஒரு படிக்கட்டு. சாதி வேலையைப் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களைப் பிரிக்கிறது என்று அண்ணல் 1936-இலேயே 'சாதி ஒழிப்'பில் எழுதிவிட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் கைத்தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவந்தால் என்னவாகும் என்பதைச் சென்னை மாகாணம் 1953-இல் பார்த்தது. கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்றார் ராஜாஜி. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்துப் பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்தார்கள். 1954-இல் அவர் பதவி விலகி, காமராசர் முதல்வராகி, திட்டம் கைவிடப்பட்டது. எழுபது ஆண்டு கழித்து ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைக் கொண்டு வந்தபோது தமிழ்நாடு ஏன் முகம் சுளித்தது என்பதற்கு வேர் அங்கே இருக்கிறது. அந்த அப்பாவுக்கு இந்த ஆண்டுகள் எதுவும் தெரியாது. விஷயம் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளின் கை பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. கழிவறை கழுவ யாரைக் கூப்பிடுகிறார்கள், வகுப்பறை பெருக்க யார் பெயர் முதலில் வாயில் வருகிறது என்று நம்மில் பலருக்குச் சொந்த அனுபவம் இருக்கும். பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் ஆசிரியர் ஒருவர் எங்களிடம் உண்மையான அன்போடு சொன்னார்: "சார், இந்தப் பிள்ளைங்களுக்குக் கணக்கு வராது, ஆனா கைவேலை பிரமாதமா வரும்." பாராட்டின் மொழியில் வரும் சாதியை அடையாளம் காண எங்களுக்கும் நேரம் பிடித்தது. இந்தப் பிள்ளைகளுக்குக் கை வேலை இயல்பாக வரும் என்று நாங்கள் சொல்லவில்லை, ஒருபோதும் சொல்ல மாட்டோம். கையால் செய்து கற்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்லது. சென்னையில் லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் பள்ளிகள் களிமண்ணுக்கும் மரவேலைக்கும் தனி அறை கட்டி வைத்திருக்கின்றன. அங்கே அது படைப்பாற்றல். அதே களிமண் சேரிக்கு வரும்போது ஏன் தொழிற்பயிற்சி ஆகிறது? அரசுப் பள்ளிகளில் ஓவியத்துக்கும் தையலுக்கும் உடற்பயிற்சிக்கும் என்று 2012-இல் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள், மாதம் 5,000 ரூபாய்க்கு. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் இன்றுவரை போராடுகிறார்கள். நம் பிள்ளைகளின் கலைக்கு அரசு வைத்த விலை அது.

பறை விஷயத்துக்குப் பிறகு எங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். எந்தப் பிள்ளைக்கும் அவன் சாதியின் பெயரால் ஊர் சுமத்திய தொழிலை நாங்களாக எடுத்துக் கொடுப்பதில்லை. பிள்ளைகளே கேட்டால், வீட்டில் பேசிவிட்டுச் செய்வது. செய்கிற எந்த வேலையும் எழுத்தில், எண்ணில், அல்லது ஒரு கேள்வியில் போய் முடியவேண்டும். வெறுமனே அழகான பொருளோடு முடிந்தால் அன்றைய வேலை பாதிதான். காஞ்சா அய்லய்யா பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில் எழுதிய ஒரு நூல் உண்டு. பானை வனைவதிலும் தோல் பதனிடுவதிலும் துணி வெளுப்பதிலும் உள்ள அறிவியலைச் சொல்லும், துர்காபாய் வியாம் படம் வரைந்தது. அதைக் குயவர் பிள்ளைக்கு மட்டும் படித்துக் காட்டினால் நாம் தோற்றோம். ஊர்த்தெருப் பிள்ளையும் சேர்ந்து மண் பிசைய வேண்டும். எங்கள் படிப்பகத்துக்கு ஊர்த்தெருவிலிருந்து இதுவரை மூன்று பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். இருவர் நின்றுவிட்டார்கள், ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

பறைக்குப் பதில் புத்தகம் செய்தோம். பிள்ளை சொல்வதை நாங்கள் எழுதிக் கொடுப்போம், அதைப் பார்த்து அவர்கள் எழுதிப் படம் வரைவார்கள், பிறகு தாளை மடித்து ஊசி நூலால் தைத்து அட்டை போடுவார்கள். தன் கதையைத் தானே படிப்பது மற்றதைவிடச் சுலபம், ஏனென்றால் அடுத்து என்ன வரும் என்று தெரியும். அங்கேதான் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஊசியில் நூல் கோக்க முடியாமல் அழுதாள். சோம்பேறித்தனம் என்று நினைத்தோம். எங்கள் தையல் அக்காதான், "இவ ஊசியப் பாக்கல, தடவிப் பாக்கறா" என்றார். அரசு மருத்துவமனையில் கண் காட்டினோம். கிட்டப் பார்வை தெளிவில்லை, கண்ணாடி போடவேண்டும் என்றார்கள். நான்கு ஆண்டுகளாக மெல்லக் கற்பவள் பட்டியலில் இருந்த பிள்ளை அவள். கண்ணாடி போட்டதும் மறுநாளே படித்துவிடவில்லை. விட்டுப்போன எழுத்துகளை ஒவ்வொன்றாக உட்கார்ந்து சொல்லித்தான் கொடுக்க வேண்டியிருந்தது, பத்து மாதம் ஆனது. இதைச் சொல்லக் காரணம் உண்டு. கலை செய்தால் படிப்பு தானாக வந்துவிடும் என்று நம்புகிற நண்பர்கள் இருக்கிறார்கள். வராது. அழகாகப் படம் வரைந்து, அழகாகத் தைத்து, ஒரு வரிகூடப் படிக்கத் தெரியாமலே எங்களிடமிருந்து போன பிள்ளைகளும் இருக்கிறார்கள். கையில் வேலை இருக்கும்போது பிள்ளை நம் பக்கத்தில் உட்காருகிறது, பேசுகிறது, எங்கே முட்டி நிற்கிறது என்று நம் கண்ணுக்குத் தெரிகிறது. தப்பு செய்தால் மண்ணை அழுத்தி மறுபடி செய்யலாம், சிவப்பு மை இல்லை. அதற்குப் பிறகு சொல்லிக்கொடுப்பது நம் வேலை. அந்த வேலைக்கு மாற்று இல்லை.

ஊர் மாதிரிக்கு என்ன ஆனது என்று சொல்லவில்லையே. பள்ளியில் கண்காட்சி வந்தபோது தலைமையாசிரியரே கேட்டு வாங்கி வைத்தார். மறுநாள் காலை கூப்பிட்டனுப்பினார். மாதிரியில் இரண்டு சுடுகாடு இருந்தது, ஊருக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று. காலனிப் பாதை வயல் வரப்பு வழியாகப் போவதையும் பிள்ளைகள் அப்படியே செய்திருந்தார்கள். "எல்லாம் நல்லா இருக்கு, இந்தச் சீட்ட மட்டும் எடுத்துடுங்க. பெரியவங்க வருவாங்க, எதுக்கு வம்பு" என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர், பயந்த மனிதர். மாதிரியையே தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று நாங்கள் கொதித்தோம். பிள்ளைகளைக் கேட்டோம். எழுதிய பையன் சொன்னான்: "சீட்ட எடுத்துக்கறேண்ணா. பாதை இருக்கட்டும். யாராச்சும் கேட்டா வாயால சொல்லிக்கறேன்."

சீட்டைப் பிடுங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அன்று முழுக்க மாதிரியின் பக்கத்திலேயே நின்றான். வகுப்பில் எழுந்து பதில் சொல்லாத பையன், வந்தவர்களிடமெல்லாம் ரேஷன் கடை 480 மீட்டர், தொட்டி இங்கே, வாய்க்கால் இங்கே என்று காட்டிக்கொண்டே வந்து வரப்பில் விரலை வைத்து, "இது எங்க சுடுகாட்டுக்குப் போற வழி, மழை பேஞ்சா முட்டி வரைக்கும் சேறு" என்றான். ஊர்ப் பெரியவர் ஒருவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் நகர்ந்தார். வரப்பு இன்னும் வரப்பாகத்தான் இருக்கிறது. பாதை கேட்டுக் கொடுத்த மனுவை அந்தப் பையன்தான் எழுதினான். மூன்று தடவை கிழித்து எழுதினான், நாலாவதில் இரண்டு பிழை இருந்தது, அப்படியே கொடுத்தோம்.

பறையால் நின்ற பையனும் திரும்பி வந்தான். அவன் அப்பா ஒரு நாள் படிப்பகத்துக்கு வந்து, மகன் தைத்த புத்தகத்தைக் கையில் வாங்கிப் புரட்டினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "என்னா எழுதியிருக்கான்?" என்று கேட்டார். அதில் அவர் பறையடித்த கதைதான் இருந்தது, பாட்டியிடம் கேட்டு எழுதியிருந்தான். எங்களுக்குத் தொண்டை அடைத்தது, மறுபடி கோபித்துக்கொள்வாரோ என்று பயமாகவும் இருந்தது. மகனே படித்துக் காட்டினான், திக்கித் திக்கி. கேட்டுவிட்டு, "எச்சச் சோறுன்னு எழுதல?" என்றார். எழுதவில்லை என்றான். "எழுது" என்றார்.

இரண்டாம் பதிப்பு தைக்க வேண்டியிருக்கிறது. எங்களுக்கு ஆள் போதவில்லை. சனி, ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் படிப்பகம் திறக்கும். இங்கே இருக்கிற மாணவர்களில் வர முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் எங்களைப் பாருங்கள். பழைய அட்டைப்பெட்டி இருந்தால் மடித்துக் கொண்டு வாருங்கள்.